படிக்கு இடப்பக்கத் தொட்டிகள்

பத்தொன்பது நாள் தாங்கின. நர்சரி வண்டியிலிருந்து இறங்கியபோது தெருவே திரும்பிப் பார்த்த ஒன்பது ஜினியாத் தொட்டிகளும் இருபதாம் நாள் காலையில் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. இலைகளின் ஓரமெல்லாம் யாரோ தீக்குச்சி வைத்துச் சுட்டதுபோல் பழுப்பு.

அத்தை படியில் நின்று பார்த்தார். திட்டவில்லை. மருமகளைத் திட்டுகிற மாமியார் இல்லை அவர். "சரி, விடும்மா. எல்லாக் கைக்கும் எல்லாம் வராது," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

திட்டியிருந்தால் பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பரிவுக்கு என்ன பதில் சொல்வது? அவள் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் மருமகளாக வருவதற்கு முன்பு அந்த வீட்டு முன்தோட்டம் பேர் போனது. கேட்டிலிருந்து படிவரை நடைபாதையின் இரு பக்கமும் பாத்தி. படிகளின் இரு பக்கமும் தொட்டிகள். மேலே சிட்அவுட் கம்பியில் தொங்கும் கூடைகள். குளிர் தொடங்கினால் பெட்டூனியா, அதோடு டேலியா, வெயில் ஏறினால் ஜினியா, மழைக்குக் காசித்தும்பை. பருவம் மாறுவதைத் தெருக்காரர்கள் நாட்காட்டியைப் பார்த்து அல்ல, அத்தையின் வாசலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்களாம். அத்தைக்குக் கைராசி என்று பேர்.

கல்யாணமான வாரத்திலேயே தண்ணீர் ஊற்றும் வேலையை அத்தை ஆசையாக அவளிடம் ஒப்படைத்தார். அந்தப் பருவத்து டேலியா கருகியது. அடுத்து வைத்ததும் கருகியது. இரண்டு வருடமாக வைத்ததெல்லாம் கருகியது. அவள் வந்தாள், தோட்டம் போனது. இதைவிடச் சுருக்கமாக யாரும் ஒரு வழக்கை நிரூபித்துவிட முடியாது.

சாகாமல் நின்றது பத்துமணிப் பூ ஒன்றுதான். அதை அவள் பெருமையாகக் காட்டியபோது, அது சுடுகாட்டில்கூடப் பூக்கும் என்று அத்தை சொல்லிவிட்டார்.

செடியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ராசியில்லாத கை என்ற அந்தப் பேர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. புது மிக்ஸி வாங்கினால் முதலில் சுவிட்சைப் போடுவது மாமா. தையல் மெஷினுக்குப் புது ஊசி மாட்டுவது அத்தை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் பால் பண்ணை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். ஊருக்கே போகிற பாலில் கொழுப்பு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று கையெழுத்துப் போடுபவள். அவள் வீட்டில் அரை லிட்டர் பாலுக்கு உறை ஊற்றக் கூடாது.

யாரும் கூடாது என்று சொன்னதில்லை. அவள் கை போவதற்கு முன்னால் வேறொரு கை போய்விடும், அவ்வளவுதான். அவளும் கேட்டதில்லை. அவள் குரலுக்கு இயல்பிலேயே தூரம் போகத் தெரியாது. ஆய்வகத்தில் மேலாளர் அவளிடம் ஏதாவது கேட்டால், பதில் காதில் விழுவதற்காக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

பிறகு நாத்தனார் கைக்குழந்தையோடு வந்தாள்.

குழந்தை பெரிய ரசிகன். மின்விசிறியைப் பார்த்தால் சிரிப்பான், சுவரைப் பார்த்தால் சிரிப்பான், அவளைப் பார்த்தால் காலை உதறிக்கொண்டு சிரிப்பான். அவள் கை நீளும். உடனே அவனுக்குப் பால் கொடுக்கும் நேரமாகிவிடும். அல்லது துணி மாற்றும் நேரம். அல்லது அவள் இப்போதுதானே வெங்காயம் உரித்தாள். முதல் வாரம் அவள் நம்பினாள். இரண்டாவது வாரம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து நின்றாள். அப்போதும் அவனுக்குத் தூக்கம் வந்துவிட்டது, கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு.

ஜினியா கருகிய அன்று மாலை காய்ந்த குழந்தைத் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டு நாத்தனாரின் அறைக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அத்தையின் குரல், வழக்கமான மெதுவான குரல்.

"அவ நல்ல பொண்ணுதான். மனசுல ஒன்னும் வெச்சுக்கிட்டு சொல்லல. ஆனா அவ கையில எதுவும் நிக்கமாட்டேங்குது. பச்சைக் குழந்தைய மட்டும் கொடுத்துடாத."

"அண்ணி ஆசையா கேக்கறாங்கம்மா," என்றாள் நாத்தனார்.

"ஆசை வேற, கை வேற."

அவள் துணிகளை வாசல்படி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கோபம் வந்தது. இரண்டு வருடத்தில் முதல்முறையாக வந்ததால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நேராக வாசலுக்குப் போய், செத்த செடிகளின் முன்னால் உட்கார்ந்தாள்.

அதுவரை அவள் அந்தச் செடிகளை ஒரு குற்றவாளியின் கண்ணோடுதான் பார்த்திருந்தாள். இன்றுதான் ஆய்வகத்துக்கு வந்த மாதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பூச்சி இல்லை. வேர் அழுகவில்லை. கருகல் எல்லாம் இலையின் ஓரத்தில் தொடங்கி உள்ளே வந்திருந்தது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தாள். கரித்தது. கொஞ்சம் சோப்பு மாதிரியும் இருந்தது.

பின்கட்டில் ஏதோ கொட்டும் சத்தம். எட்டிப் பார்த்தாள். மாமா மாதாந்திர வேலையில் இருந்தார். தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்தின் தொட்டியில் ஒரு மூட்டை உப்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

மாமா ஆலையில் பாய்லர் பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவருக்குப் பேர் பாய்லர்காரர்தான். அவர் வாழ்க்கையில் அவருக்கு ஒரே எதிரி, கடின நீர். அது குழாய்க்குள் கல்லாகப் படியும், அடைக்கும், ஒருநாள் வெடிக்கும். அந்த எதிரி போர்வெல் வழியாகத் தன் வீட்டுக்கும் வருகிறான் என்று தெரிந்ததும், மகன் கல்யாணத்துக்கு வீட்டைச் செப்பனிட்ட கையோடு ஒரு சாஃப்ட்னரை வாங்கிப் பின்கட்டில் மாட்டினார். குழாய்க்காரர், தோட்டத்துக்கு மட்டும் பழைய இணைப்பு இருக்கட்டுமே என்றாராம். மாமா சம்மதிக்கவில்லை. ஆலையில் பாய்லருக்குக் கொடுத்த தண்ணீரைத் தன் வீட்டுச் செடிக்குக் கொடுக்காமல் வஞ்சகம் பண்ணுவதா? இந்தக் கதையை வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் காபி ஆறுவதற்குள் கேட்டாக வேண்டும்.

அவளும் இரண்டு வருடமாகக் கேட்டவள்தான். மாதம் ஒரு மூட்டை உப்பு உள்ளே போவதைப் பார்த்தவள்தான். அந்த உப்பு எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தைத் தண்ணீரோடு அனுப்புவதுதான் இந்த இயந்திரத்தின் வேலையே. கல்லூரியில் படத்தோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். படித்தது விடைத்தாளோடு போய்விட்டது.

கல்யாண மாதத்தில் இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தது அவள் மட்டுமில்லை. இரண்டு பேர். மருமகளும் சாஃப்ட்னரும்.

கணவனிடம் சொன்னாள். அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டான். பாதியில் துடைப்பதை நிறுத்தினான். நம்பவில்லை என்று இல்லை. நம்பிவிட்டான், அதுதான் சிக்கல்.

"அப்பாகிட்ட சொல்லிடாத," என்றான். "அவருக்கு அந்த மெஷின் ஒன்னுதான் இருக்கு. அதுவும் அம்மா தோட்டத்தை அவரே அழிச்சிட்டாருன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார். தங்கச்சி ஊருக்குப் போகட்டும். அப்புறம் நானே பக்குவமா சொல்றேன்."

"அதுவரைக்கும் என் கை?"

"உன் கைக்கு என்ன? நான் நம்பறேனா அதெல்லாம்? நீயும் படிச்சவ. சொன்னா படிச்ச திமிர்னுதான் வரும்."

அவன் நல்லவன். நல்லவர்களோடு சண்டை போடுவதைப்போல் கஷ்டம் வேறில்லை. சொல்லமாட்டேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போதே மனதில் ஒன்றைக் குறித்துக்கொண்டாள். சொல்லத்தானே கூடாது. வளர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

குளிர் தொடங்கியது. நாத்தனாரின் மாமியார் வீட்டார் குழந்தையைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. வந்ததும் அத்தைக்கு வாசலைப் பற்றிய கவலை வந்துவிட்டது. அவர்கள் வரும்போது வாசல் மொட்டையாகவா இருப்பது? நர்சரிக்காரரிடம் பெட்டூனியா நாற்று சொல்லி, தட்டோடு கொண்டுவரச் செய்தார். பத்து நாற்று. ஊதாவும் வெள்ளையும்.

"இந்தத் தடவை நீ தொட வேண்டாம்மா. நானே பாத்துக்கறேன்."

அவள் தட்டின் அந்தப் பக்கம் நின்றாள். வழக்கமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். நர்சரிக்காரர் பாக்கியை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து ஐந்து நாற்றைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"படிக்கு ஒரு பக்கம் எனக்கு விடுங்க அத்தை. இன்னொரு பக்கம் நீங்க பாருங்க."

அத்தை மருமகளின் முகத்தைப் பார்த்தார். இப்படி ஒரு வாக்கியம் அந்த வாயிலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு சிரித்துவிட்டார். "எடுத்துக்கோ. இடப்பக்கம் எடுத்துக்கோ." இடப்பக்கம் மாலை வெயில் சுள்ளென்று அடிக்கும். எல்லோருக்கும் தெரியும்.

அவள் பேரம் பேசவில்லை. ஒரே தட்டு நாற்று, ஒரே மண், ஒரே உரம், ஒரே அளவுத் தொட்டி. இரு பக்கத்துக்கும் மண்ணை அவளே கலந்து பங்கு வைத்தாள். வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். அத்தை வாசல் குழாயைத் திருகிப் பாய்ச்சினார். அவள் பின்கட்டுக்குப் போய், பம்பின் கழுத்தில் இருந்த பழைய குழாயில், அதாவது இயந்திரத்துக்குள் போவதற்கு முந்தைய தண்ணீரில், வாளியை நிரப்பி வீட்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். காலையில் ஒருமுறை, ஆய்வகத்திலிருந்து வந்ததும் ஒருமுறை. அகலமான வாளி, ஒல்லியான தோள். தண்ணீரில் பாதி அவள் பாவாடைக்குத்தான் போனது.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "வாசல்ல குழாய் இருக்கும்போது எதுக்கும்மா சுத்திக்கிட்டு வர்ற? அது கல்லுத் தண்ணி. பாய்லர்ல விட்டா ட்யூபெல்லாம் அடைச்சிடும்."

"இது செடிதானே மாமா."

"செடிக்குள்ள மட்டும் என்ன இருக்கு? அதுவும் ட்யூப்தான்."

அது சரிதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமாவும் சிரித்தார். அந்த நிமிடம் சொல்லிவிடலாம் போலிருந்தது. கணவன் ஜன்னலுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

முதலில் அத்தைதான் ஜெயித்தார். அவர் பக்கத்தில்தான் முதல் மொட்டு விரிந்தது. அவள் பக்கத்து இலைகளில் கல்லுத் தண்ணீரின் வெள்ளைப் புள்ளிகள். ஒரு நாற்றை நத்தை முழுதாகத் தின்றுவிட்டது. எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் தினமும் காலையில் பால் வாங்க வரும்போது கேட்டில் நின்று ஸ்கோர் சொல்லுவார்.

"மாமியார் மூணு பூ. மருமக இன்னும் கணக்கத் திறக்கல."

அத்தை பெருந்தன்மையாக, அவளும் பாவம் பாடுபடுகிறாள் என்றார். அவளுக்குக் காது சூடானது. அன்று மாலை ஒரு நடை அதிகம் நடந்தாள்.

மூன்றாவது வாரத்தில் வலப்பக்கத்து இலைகளின் ஓரம் மெல்லப் பழுத்தது. யார் கண்ணுக்கும் படவில்லை. அவள் கண்ணுக்குப் பட்டது. அதற்காகத்தான் அந்தக் கண் காத்திருந்தது. அடுத்த சில நாட்களில் டீச்சர் கண்ணுக்கும் பட்டது. ஸ்கோர் மாறியது. வெயில் அடிக்கும் பக்கத்தில் ஊதாவும் வெள்ளையுமாகக் கொடிகள் தொட்டி விளிம்பைத் தாண்டி வழிந்தன. நிழல் பக்கத்தில் பூக்கள் சிறுத்தன.

"என்ன ஆச்சு, கைராசிக்கு லீவா?" என்று டீச்சர் கேட்டார்.

அத்தை சிரித்தார். மறுநாளிலிருந்து ஒருமுறைக்கு இருமுறை பாய்ச்சினார். வெயில் ஏறினால் மூன்றாம் முறை. குழாயைக் கையில் பிடித்து, ஒவ்வொரு வேரிலும் பொறுமையாக, குழந்தைக்கு ஊட்டுவதைப்போல் ஊற்றினார். செல்லம் கொடுக்கக் கொடுக்கச் செடி கருகியது. கருகக் கருக இன்னும் ஊற்றினார்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மறைத்துச் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வாளி கனக்கவில்லை. பால் பண்ணையில் பாட்டுக்கூட முணுமுணுத்தாள், தோழி திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருடம் அவள் நின்ற இடத்தில் இப்போது அத்தை நிற்கிறார். நிற்கட்டும். கொஞ்ச நாள் நின்று பார்க்கட்டும்.

விருந்தாளிகள் வருகிற நாள் வந்தது. அன்று அவளுக்கு விடுமுறை. காலையில் வாளியோடு சுற்றி வந்தபோது அத்தை வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கத்து ஐந்து தொட்டிகளிலும் செடிகள் பிடுங்கப்பட்டிருந்தன. காய்ந்த குச்சிகள் ஒரு செய்தித்தாளில் குவியலாகக் கிடந்தன. அத்தை இரு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்து, மண் ஒட்டிய உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளை, இது என்ன என்று பார்ப்பதுபோல்.

அவள் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

"ரெண்டு தொட்டிய இந்தப் பக்கம் மாத்தி வெச்சிடலாம் அத்தை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு கை பிடிங்க."

அத்தை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீயே வெச்சிடு. நான் தொட்டா அதுவும் போயிடும்."

அதில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார். அவள் தனியாகத் தொட்டிகளை நகர்த்தினாள். இப்போது கனத்தது.

உள்ளே குழந்தை அழுதது. நாத்தனார் குளிக்கப் போயிருந்தாள். அத்தை எழுந்து ஓடினார். தொட்டிலருகே போனவர் நின்றுவிட்டார். குனிந்தார், கையை நீட்டினார், பாதியில் மடக்கிக்கொண்டார். குழந்தை முகம் சிவக்கக் கத்தினான்.

"இங்க வாம்மா. நீ தூக்கு."

"நானா?"

"உன் கைதான் இப்ப நல்லா இருக்கு. தூக்கு. என் கை வேண்டாம் அவனுக்கு."

அவள் தூக்கினாள். குழந்தை எதிர்பார்த்ததைவிடச் சூடாக இருந்தான், கனமாகவும். நாலைந்து விசும்பல். பிறகு அவள் தோளில் கன்னத்தை வைத்து, சுவரைப் பார்த்து, சிரித்தான். இத்தனை நாள் இதற்காகத்தான் வாளி சுமந்தாள். கையில் வந்துவிட்டது. தொட்டிலுக்கு அந்தப் பக்கம் தன் பேரனுக்கு ஓர் அடி தள்ளி, கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றவரைப் பார்த்தால், வந்தது சந்தோஷம் மாதிரி இல்லை.

அவள் கை நல்ல கை என்று இந்த வீடு முடிவு செய்துவிட்டது. அந்த முடிவு அவளுக்கு வேண்டாமே என்று அப்போதுதான் தெரிந்தது. நல்ல கை என்று ஒன்று இருந்தால் கெட்ட கை என்று ஒன்று இருந்தாக வேண்டும். பருவத்துக்குப் பருவம் அது ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்கு மாறிக்கொண்டே இருக்கும். இன்று அத்தை. நாளை நாத்தனார்.

சமையலறையில் கணவனைப் பிடித்தாள். இன்றைக்குச் சொல்லப் போகிறேன் என்றாள். அவன் கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டு, இன்றைக்கா, சம்பந்தி வீட்டார் முன்னாலா என்று கெஞ்சினான். நாளைக்கு நானே சொல்கிறேன் என்றான். ஒரு வாரமாக நாளைக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். அதை அவள் எடுத்துச் சொல்வதற்குள் வாசலில் கார் வந்துவிட்டது.

சம்பந்தியம்மா படியேறும்போதே நின்றுவிட்டார். இரு பக்கமும் பெட்டூனியா வழிந்து படிகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். உங்கள் கைராசியைப் பற்றி உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள், இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன் என்று அத்தையிடம் சொன்னார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். அத்தை பொய் சொல்லிப் பழகாதவர்.

"என் கை இல்லீங்க. என் கை போயிடுச்சு. இது மருமக கை."

சம்பந்தியம்மா போனைக் கையில் எடுத்தார். பேச்சை மாற்ற, பாட்டியும் பேரனுமாக ஒரு படம் எடுக்கலாம், குழந்தையை வாங்குங்கள் என்றார். அவள் குழந்தையை நீட்டினாள். அத்தை இரண்டு அடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"அவகிட்டயே இருக்கட்டும். நல்ல நாளும் அதுவுமா."

நாத்தனார் அம்மாவை உற்றுப் பார்த்தாள். அந்த இக்கட்டைச் சமாளிப்பது வீட்டுத் தலைவரின் கடமை என்று நினைத்து மாமா தொண்டையைச் செருமினார். பூவெல்லாம் இருக்கட்டும், பின்கட்டுக்கு வாருங்கள், இந்த வீட்டில் ஒரு விசேஷமான தண்ணீர் இருக்கிறது, ஆலையில் பாய்லருக்குக் கொடுக்கிற தண்ணீர் என்று சம்பந்தியின் தோளைத் தொட்டு அழைத்தார்.

"மாமா," என்றாள் அவள்.

யாருக்கும் கேட்கவில்லை. குழந்தைக்கு மட்டும் கேட்டது, திரும்பிப் பார்த்தான். மாமா, குழாய்க்காரர் சொன்ன யோசனையையும் தான் சம்மதிக்காத கதையையும் தொடங்கியிருந்தார். கூட்டத்தின் பின்னாலிருந்து கணவன் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் குழந்தையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். படியின் நடுவில், எல்லோரும் கடந்து போக வேண்டிய இடத்தில், வந்து நின்றாள்.

"மாமா, ஒரு நிமிஷம்."

இந்தமுறை எதிர்வீட்டு டீச்சர்கூடத் தன் வீட்டு வாசலில் நின்று நிமிர்ந்தார். மாமா கதையைப் பாதியில் விட்டார். சம்பந்தியம்மா கையிலிருந்த போனைத் தாழ்த்தினார். அவள் குரல் நடுங்கவில்லை. அவள் மாமாவைப் பார்த்துத் தொடங்கி, அத்தையைப் பார்த்து முடித்தாள்.

"அத்தை கையில ஒன்னும் இல்ல. என் கையிலயும் ஒன்னும் இல்ல. அந்த மெஷின்ல நீங்க போடற உப்புதான் மாமா வாசல் குழாய்ல வருது. ரெண்டு வருஷமா எல்லாச் செடியையும் கொன்னது அந்தத் தண்ணிதான்."